நோயாளி "டாக்டர்" என்று கூப்பிட்டபோது என்ன சொன்னீர்கள்? பிஏ (பிசிஷியன் அசிஸ்டென்ட், டாக்டரின் பொறுப்பில் அவருக்கு உதவும் வேலை) படித்தவர்களின் அனுபவங்கள்

வார்டு6:

நாலாம் வருஷம், இன்டர்ன்ஷிப். கார்டியோதொராசிக் (இதய அறுவை சிகிச்சை) வார்டில் நைட் டியூட்டி. மறுநாள் முதல் கேஸ் ஒரு பெரியவருக்கு பைபாஸ். சர்ஜன் ரவுண்ட்ஸ் முடித்துக் கிளம்பும்போது "கன்சென்ட் வாங்கிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர்தான் உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

பெரியவரின் மனைவிக்கு செஞ்சிப் பக்கம் ஊர். எழுதப் படிக்கத் தெரியாது. சம்மத ஃபார்மில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நெஞ்செலும்பைத் திறப்பார்கள், காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து இதயத்தில் வைப்பார்கள், ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், பக்கவாதம் வரலாம், உயிருக்கும் ஆபத்து வரலாம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: "நீங்களே சொல்லுங்க டாக்டர், வெக்கட்டுமா?"

"வையுங்கம்மா" என்றேன்.

கட்டைவிரலை மைப்பெட்டியில் உருட்டி நான்தான் பிடித்து அழுத்தினேன். கையை எடுத்ததும் மையைக் காதுக்குப் பின்னால் தலைமுடியில் துடைத்துக்கொண்டார். நரைத்த முடியில் ஒரு நீலக் கோடு. காலையில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவர் உட்கார்ந்திருந்தபோதும் அந்தக் கோடு அப்படியே இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து பெரியவர் வீட்டுக்குப் போனார். ஆனாலும் அந்த அம்மா ரேகை வைத்தது ஒரு டாக்டரின் வார்த்தையை நம்பி. நான் டாக்டர் இல்லை. என் கழுத்தில் தொங்கிய அட்டையில் "பிசிஷியன் அசிஸ்டென்ட்" என்று ஆங்கிலத்தில் இருந்தது, அவர் அதை எப்படிப் படிப்பார்? நீங்களெல்லாம் என்ன செய்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.

கோவை_ஓடி:

எனக்கு வார்டு வேலை அவ்வளவாகக் கிடையாது, தியேட்டர்தான். சர்ஜன் நெஞ்சைத் திறக்கும் அதே நேரத்தில் நான் காலில் வெயின் (ரத்தக்குழாய்) எடுப்பேன். கணுக்காலில் ஆரம்பித்து மேலே வந்து, கிளைகளுக்கு கிளிப் போட்டு, வெளியே எடுத்து, ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கலந்த சலைன் விட்டு எங்கேயாவது கசிகிறதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். உள்ளே வால்வு இருப்பதால் தலைகீழாகத் திருப்பித்தான் வைப்பார்கள். இதுவரை எத்தனை கால் என்று எண்ணவில்லை.

என்னைப் பிடித்துக்கொண்டிருப்பது ரெவ்யூவுக்கு வந்த ஒருவர். ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கிக் காட்டினார். "நெஞ்சு ஆறிப்போச்சுங்க. காலுதான் உள்பக்கமா மரமரன்னே இருக்குது." சர்ஜன் என் பக்கம் கையைக் காட்டி, "கால் தச்சது இவர்தான், கேளுங்க" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "நரம்பை எடுத்தா மரத்துத்தானுங்க போகும்?" என்று எனக்கே சமாதானம் சொன்னார்.

இங்கேதான் நம் பேச்சுத் தமிழ் காலை வாரிவிடுகிறது. ரத்தக்குழாயும் நரம்பு, உணர்ச்சி கொண்டுபோவதும் நரம்பு. நான் எடுத்தது ரத்தக்குழாய். அதை ஒட்டியே சஃபீனஸ் நர்வ் என்ற நிஜ நரம்பு ஓடுகிறது, முட்டிக்குக் கீழே இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகும். அது இழுபட்டால் மரத்துப்போகும். நிறையப் பேருக்கு வரும், பெரும்பாலும் மாதக்கணக்கில் குறையும் என்று புத்தகத்தில் படித்ததுதான். அவர் காலில் வந்தது தானாக வந்ததா, என் கை அவசரப்பட்டதா? அன்று மூன்றாவது கேஸ் அவருடையது. அது இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அவர் என்னை டாக்டர் என்று கூப்பிடவில்லை, "தம்பி" என்றார். டாக்டர் என்று கூப்பிட்டிருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது என்று நினைக்கிறேன்.

மதுரைக்காரி:

வார்டு6, நீங்கள் தேவையில்லாமல் மனசைப் போட்டு உழப்பிக்கொள்கிறீர்கள். ராத்திரி ஒரு கிழவியிடம் போய் "நான் டாக்டர் இல்லை, பிசிஷியன் அசிஸ்டென்ட்" என்றால் அவருக்கு என்ன புரியும்? "அப்ப டாக்டர் வரட்டும்" என்பார். டாக்டர் வரமாட்டார், கேஸ் தள்ளிப்போகும். நான் எமர்ஜென்சியில் வேலை பார்த்தவள். ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். சர்க்கரை 40க்கு இறங்கி மயங்கிக் கிடந்த ஆளுக்கு 25 பர்சென்ட் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) ஏற்றுவதற்காகக் கையைப் பிடித்தேன். அவர் மகன் "நீங்க யாரு?" என்று கேட்க, உள்ளதைச் சொன்னேன். என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளிவிட்டு "டாக்டரக் கூப்பிடு" என்று கத்தினான். உள்ளே இருந்து டாக்டர் வர மூணு நிமிஷம். அந்த மூணு நிமிஷம் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். அன்றிலிருந்து யார் டாக்டர் என்றாலும் "சொல்லுங்க" என்றுதான் சொல்வேன்.

தஞ்சாவூர்_காஷுவால்ட்டி:

மதுரைக்காரி சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எனக்கு நடந்தது நேர் எதிர்.

லாரி டிரைவர், 45 வயசு இருக்கும், நெஞ்சுவலி. ஈசிஜி எடுத்தாயிற்று. நாக்குக்கு அடியில் நெஞ்சுவலி மாத்திரை சார்பிட்ரேட் வைக்கச் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். ஹிஸ்டரி எடுத்ததும் டாக்டர்தான். சுகர், பிரஷர், மாத்திரை எதுவும் இல்லை என்று அவரிடம் சொல்லியிருந்தார். மாத்திரையை உறையிலிருந்து பிதுக்கிக்கொண்டிருந்தேன். "டாக்டரே" என்றார். பழக்கதோஷத்தில் "நான் டாக்டர் இல்லண்ணே, அவருக்கு உதவியா இருக்கேன், பிஏ" என்றேன். திரும்பித் தன் மனைவி எங்கே நிற்கிறார் என்று பார்த்தார். என் சட்டைப் பையைப் பிடித்துக் கிட்டே இழுத்தார். "அப்ப உங்ககிட்ட சொல்றேன். நேத்து ராத்திரி மெடிக்கல்ல ஒரு மாத்திர வாங்கிப் போட்டேன். அந்த மாத்திர."

தெரியும்தானே? சில்டனாஃபில் (வயாகரா) போட்டு 24 மணி நேரத்துக்குள் சார்பிட்ரேட் மாதிரி நைட்ரேட் கொடுத்தால் பிரஷர் எவ்வளவு கீழே போய் நிற்கும் என்று. மாத்திரை என் விரலில் இருந்தது, அவர் வாய் திறந்திருந்தது.

டாக்டர் என்று தலையாட்டியிருந்தால் அவர் சொல்லியிருக்கமாட்டார். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. ஆகவே நான் எல்லாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வார்டு6 நினைப்பதுதான் சரி.

மதுரைக்காரி:

உங்கள் ஆள் விழித்திருந்தார், பேசினார். என் ஆள் மயக்கத்தில் இருந்தார். இரண்டும் ஒன்றா?

தஞ்சாவூர்_காஷுவால்ட்டி:

ஒன்று இல்லைதான். ஆனால் உங்கள் கையைத் தள்ளியவன் கேட்ட கேள்வி நியாயமானது. "நீங்க யாரு?" என்று கேட்க அவனுக்கு உரிமை இருக்கிறது. அதற்குப் பதில் அவனுக்குப் புரிகிற தமிழில் நம்மிடம் இல்லை என்பதுதான் பிரச்சினை.

சீனியர்_பேட்ச்:

என் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் பிஏ வேலைக்கு ஆள் எடுக்கும்போது நானும் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் வந்தாள், அப்பா வெளியே பெஞ்சில். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் ஒரு வருஷப் படிப்பு. சான்றிதழில் பெரிய எழுத்தில் "பிசிஷியன் அசிஸ்டென்ட்" என்று இருந்தது, பல்கலைக்கழகத்தின் பெயர் எங்கேயும் இல்லை. எடுக்க முடியாது என்றோம். அவள் அழவில்லை. அந்தச் சான்றிதழை ஓரம் மடங்காமல் பிளாஸ்டிக் கவரில் திரும்பச் சொருக அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது. விரல் நடுங்கியது.

அதனால் சேரப்போகும் தம்பி தங்கைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் படியுங்கள். பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் என்பது நாலு வருஷம். மூணு வருஷம் பாடம், ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் இருக்கிறது, சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறது. சேர்வதற்கு முன் இணைப்பு உண்டா என்று பல்கலைக்கழகத்திலேயே கேளுங்கள், கல்லூரி ஆபீஸில் கேட்டால் போதாது. நான் சேர்ந்தபோது பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து கீழ்ப்பாக்கம் செலக்‌ஷன் கமிட்டி கவுன்சலிங் வழியாகத்தான் இடம் கிடைத்தது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், அந்தந்த வருஷக் கையேட்டை வாங்கி வரி விடாமல் படியுங்கள். கல்லூரிக்கென்று சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, படுக்கைகளில் நோயாளி இருக்கிறார்களா என்று ஒருநாள் போய் நேரில் பாருங்கள். வார்டு காலியாக இருந்தால் நாலு வருஷமும் காலிதான்.

இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 1965ல் டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் ஆரம்பித்தார். கடற்படையில் மருத்துவ உதவி செய்து திரும்பியவர்கள்தான் முதல் மாணவர்கள், 1967ல் மூணு பேர் முடித்தார்கள். இந்தியாவில் முதலில் வந்தது நம் சென்னையில்தான். 1992ல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் கே.எம். செரியன் தொடங்கினார். இதய அறுவை சிகிச்சையில் பிஏ இவ்வளவு ஊறிப்போனதற்குக் காரணம் அதுதான். அப்புறம் வெகுகாலம் சட்டத்தில் நமக்கு ஓர் இடம் இல்லை. 2021ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான மத்தியச் சட்டத்தின் அட்டவணையில்தான் நம் தொழிலின் பெயர் ஏறியது. ஆனாலும் நாமாகத் தனியாக மருந்துச் சீட்டு எழுத முடியாது, டாக்டரின் பொறுப்பில்தான் வேலை. இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். எம்பிபிஎஸ் கிடைக்காத ஏக்கத்தில் வந்தால் ஒவ்வொரு நாளும் வலிக்கும்.

கோவை_ஓடி:

அண்ணா, எல்லாம் உண்மைதான், ஆனால் இங்கே யாரும் சேர்வதைப் பற்றிக் கேட்கவில்லையே. அந்தப் பெண் அப்புறம் என்ன ஆனாள்? அதைச் சொல்லுங்கள்.

சீனியர்_பேட்ச்:

தெரியாது தம்பி. நான் கேட்டு வைத்திருக்க வேண்டும்.

டாலஸிலிருந்து:

நான் சென்னையில் பிஏ முடித்து மூணு வருஷம் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணமாகி இங்கே அமெரிக்காவுக்கு வந்தேன். இங்கே பிஏ என்றால் முதுகலைப் படிப்பு, தனித் தேர்வு, தனி உரிமம். நம் பட்டத்தை வைத்துக்கொண்டு அந்தத் தேர்வு எழுதக்கூட முடியாது. கம்யூனிட்டி காலேஜில் மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பில் சேர்ந்தேன். பிபி பார்ப்பது, ரத்தம் எடுப்பது, ஈசிஜி, சார்ட் எழுதுவது. தெரிந்ததையே திரும்பப் படித்தேன். 160 மணி நேரம் சம்பளமில்லாமல் கிளினிக் பயிற்சி. அப்புறம் மெடிக்கல் அசிஸ்டென்ட்டுக்கான சிஎம்ஏ தேர்வு, 200 கேள்வி.

ஒருநாள் மதுரையிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த அம்மா ஒருவர் வந்தார். மகன் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார். பிரஷர் 188க்கு 100. தமிழில் பேசியதும் கையைப் பிடித்துக்கொண்டார். என்ன மாத்திரை சாப்பிடுறீங்க என்று கேட்டேன். கைப்பையிலிருந்து சின்ன எவர்சில்வர் குங்குமச் சிமிழ் ஒன்றை எடுத்துத் திறந்தார். உள்ளே பிரஷர் மாத்திரை அம்லோடிபின், எல்லாம் பாதிப் பாதியாக. உடைந்த ஓரத்திலிருந்து உதிர்ந்த வெள்ளைத் தூள் சிமிழின் அடியில். மூணு மாசத்துக்கு வாங்கி வந்தாராம், மகன் ஆறு மாசம் இருக்கச் சொல்லிவிட்டாராம். "இங்க மருந்து ஆனை விலை குதிரை விலைன்னு சொன்னாக. அதான் பாதியா போட்டுக்கிறேன். தம்பிகிட்ட சொல்லிராதம்மா."

முழு மாத்திரை போடுங்கள் என்று சொல்ல இங்கே எனக்கு அனுமதி இல்லை. மெடிக்கல் அசிஸ்டென்ட் அளவு சொல்லக் கூடாது. சார்ட்டில் எழுதிவிட்டு "இப்ப வந்துருவாங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதோ சொல்வேன் என்று. கதவைத் திறந்துகொண்டு வந்தவர் ஒரு பிஏ. என் பட்டத்தில் இருக்கும் அதே இரண்டு எழுத்து அவர் கோட்டில் தைத்திருந்தது.

டாக்டர் என்று கூப்பிட்டால் திருத்துவதா வேண்டாமா என்று நீங்கள் பேசிக்கொள்வதைப் படித்தேன். எனக்கு அந்தச் சந்தேகம் இங்கே வந்ததே இல்லை. என் வாயைக் கட்டிய வரம்பு சரியானதுதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சிமிழ் கண்ணை விட்டுப் போகவில்லை.

மதுரைக்காரி:

தங்கச்சி, படித்ததும் எங்கம்மா ஞாபகம் வந்துவிட்டது. அவரும் மாத்திரையை அரிவாள்மனையில் வைத்துத்தான் பாதியாக்குவார்.

வார்டு6, ஒன்று கேட்க விட்டுப்போச்சு. செஞ்சி அம்மாவிடம் அப்புறமாவது சொன்னீர்களா?

வார்டு6:

சொன்னேன். டிஸ்சார்ஜ் அன்று மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று தனித்தனிக் கவரில் போட்டு, சூரியன் படமும் நிலா படமும் வரைந்து கொடுத்தேன். முடித்ததும் "அம்மா, நான் டாக்டர் இல்லம்மா. அன்னைக்கே சொல்லியிருக்கணும். நான் பிஏ படிச்சவன்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பிஏவா? எம் பேரனும் பிஏதான். இஸ்டரி. திண்டிவனத்துல" என்றார். பெரியவரிடம் திரும்பி, "நம்ம பையனாட்டம் பிஏவாம்" என்று சொன்னார். பெரியவர் என் தோளில் கை வைத்தார். கீழே ஷேர் ஆட்டோ காத்திருந்தது. லிஃப்ட் மூடும்வரை இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.