சாய்தளம் கேட்டு மனு கொடுத்தாச்சு, அடுத்து என்ன? (மாற்றுத்திறனாளி இளைஞர் குழு)

கேள்வி – ஒன்றிய இளைஞர் குழு

வணக்கம். தமிழ்நாட்டுல ஒரு ஊராட்சி ஒன்றியத்துல 17 முதல் 26 வயசு வரைக்கும் ஒன்பது பேர் சேர்ந்து குழு தொடங்கியிருக்கோம். வீல்சேர்ல மூணு பேர், பார்வையில்லாதவங்க ரெண்டு, காது கேளாதவங்க ரெண்டு, அறிவுசார் குறைபாடு உள்ளவங்க ரெண்டு. அரசு மேல்நிலைப் பள்ளியில சாய்தளம் ரொம்பச் செங்குத்தா இருக்கு. கிராம சபை நடக்கிற ஊராட்சிக் கட்டடத்துல சாய்தளமே இல்லை. மனு கொடுத்ததுக்கு "ஆவன செய்யப்படும்"னு மட்டும் பதில் வந்தது. அடுத்து யார்கிட்ட போகணும்? கூட்டங்கள்ல பெற்றோர்தான் பேசுறாங்க, இளைஞர்களே பேச என்ன வழி?

பதில் 1 – மட்டப்பலகை

"செங்குத்தா இருக்கு"ன்னு எழுதினா, வந்து பார்க்கிறவர் "அதான் சாய்தளம் இருக்கே"ன்னு கோப்பை மூடிடுவார். அளவை எழுதுங்க.

கணக்கு 1:12. ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். படிக்கு 15 செ.மீ. வீதம் மூணு படின்னா உயரம் 45 செ.மீ., சாய்தளம் 540 செ.மீ. ஓடணும். படி இருந்த இடத்துக்குள்ளேயே அடக்கப் பார்த்து 180 செ.மீ.ல முடிச்சா அது 1:4. தனியா ஏறவே முடியாது, தள்றவருக்கும் மூச்சு வாங்கும், இறங்கும்போது வண்டி கையை மீறி ஓடும்.

உயரம் எடுக்கக் கொத்தனார் வச்சிருக்கிற தண்ணீர் டியூப் போதும். டியூப்ல காற்றுக்குமிழி இருக்கக் கூடாது, இருந்தா மட்டம் தப்பா காட்டும். ஒரு முனையில தண்ணி வராந்தா தரையோட நிக்கணும். மறுமுனையைச் சாய்தளம் தொடங்குற இடத்துல ஒரு குச்சியோட பிடிச்சு, தண்ணி நிக்கிற இடத்துலேருந்து மண் வரைக்கும் அளங்க. நீளத்தைச் சாய்ந்த சிமெண்ட் மேல அளக்காதீங்க, கிடைமட்டமா அளங்க.

அகலம் குறைஞ்சது 120 செ.மீ., ரெண்டு பக்கமும் 76 செ.மீ., 90 செ.மீ. உயரத்துல கைப்பிடி. நிறைய இடத்துல கோட்டை விடுறது மேல் முனையில: சாய்தளம் நேரா கதவுல போய் முட்டும், அங்கே ரெண்டு அங்குலத்துக்கு ஒரு நிலைப்படி வேற. வீல்சேர் நின்னு திரும்ப 150 செ.மீ. சமதளம் வேணும். கழிப்பறையையும் பாருங்க: கதவு திறப்பு 90 செ.மீ. இருக்கா, பூட்டியிருந்தா சாவி யார்கிட்ட இருக்கு. டேப் முனை தெரியற மாதிரி போட்டோ எடுத்து மனுவோட இணைங்க.

பதில் 2 – மனுவும் நகலும்

முதலில் முகவரி சரியாக இருக்க வேண்டும். மேல்நிலைப் பள்ளி பள்ளிக் கல்வித் துறையுடையது, அந்த மனு முதன்மைக் கல்வி அலுவலருக்கு. ஊராட்சிக் கட்டடத்துக்கு ஊராட்சித் தலைவரும் வட்டார வளர்ச்சி அலுவலரும் (கிராம ஊராட்சி). இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டே இருக்கும்.

மனுவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ன் 45-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். இருக்கும் பொதுக் கட்டடங்களைத் தடையற்றதாக மாற்ற, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 5 ஆண்டு அவகாசம். விதிகள் 2017 ஜூனில் வந்தன, அவகாசம் 2022 ஜூனிலேயே தீர்ந்துவிட்டது. இது சலுகை கேட்கும் மனு இல்லை என்பது முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும்.

23-ஆம் பிரிவு சொல்லும் குறைதீர் அலுவலர் அரசு அமைப்புகளில் வேலைவாய்ப்புப் பாகுபாடு பற்றிய புகாருக்கானவர், சாய்தள மனுவுக்கு அல்ல. மனு கொடுக்கும்போதே பதிவு எண் கேட்டு வாங்குங்கள். தீரவில்லை என்றால் இதே சட்டப்படி அமைந்த மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்டக் குழு, அதற்கு மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுப்பதானால் பழைய மனுவின் ஒப்புகையையும் இணையுங்கள்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமை மனு: 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, 30 நாள் கெடு. "ஏன் இப்படிக் கட்டினீர்கள்?" என்று கேட்டால் ஒன்றும் வராது. சாய்தள வேலையின் மதிப்பீடு, எம்-புக் (முடித்த வேலையின் அளவுகளைப் பொறியாளர் பதியும் அளவுப் புத்தகம்) பக்கங்கள், பணி நிறைவுச் சான்று ஆகியவற்றின் நகல் கேளுங்கள். எம்-புக்கில் 540 என்றிருந்து தரையில் 180 இருந்தால், அதற்கு மேல் வாதமே தேவையில்லை.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கும். தீர்மான வாசகத்தை நீங்களே எழுதி முன்கூட்டியே ஊராட்சிச் செயலரிடம் கொடுங்கள். பதிவேட்டில் தீர்மானம் எழுதி முடித்து, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. வெற்றுப் பக்கத்தில் போட்டால் உங்கள் கோரிக்கை அதில் ஏறியதா என்று யாருக்கும் தெரியாது.

பதில் 3 – சைகை

பெற்றோர் பேசுறது அக்கறையாலதான், ஆனா கேள்வி போற இடத்தை மாத்தணும். அதிகாரி "பையனுக்கு என்ன வேணுமாம்?"னு அம்மாகிட்ட கேட்டா, அம்மா "அவனையே கேளுங்க சார்"னு சொல்லணும். இந்த ஒரு வரியை முன்கூட்டியே அவங்ககிட்ட பேசி வையுங்க. பெற்றோர் பின்வரிசை.

காது கேளாத ரெண்டு பேரும் என்ன சைகை பயன்படுத்துறாங்கன்னு முதல்ல கேளுங்க. பள்ளியில கத்த சைகைமொழியும் வீட்டுச் சைகையும் வேற வேற, மொழிபெயர்ப்பாளர் வந்தும் புரியாமப் போறது இதனாலதான். மொழிபெயர்ப்பாளர் பேசுறவர் பக்கத்துல, முகத்துல வெளிச்சம் படுற மாதிரி நிக்கணும். ஜன்னலுக்கு முன்னாடி நின்னா முகம் இருட்டடிச்சிடும். பார்வையில்லாதவங்களுக்குத் தீர்மான வாசகத்தை நாலு நாள் முன்னாடியே குரல் பதிவா அனுப்புங்க.

அறிவுசார் குறைபாடு உள்ளவங்ககிட்ட ஒரு நேரத்துல ஒரே கேள்வி, கையில ரெண்டு போட்டோ: "இந்தக் கழிப்பறையா, இதுவா?" பதிலுக்குக் காத்திருங்க. வரிசையை மாத்தி இன்னொரு தடவை கேளுங்க, சிலர் கடைசியா கேட்டதையே திருப்பிச் சொல்வாங்க.

கிராம சபை உறுப்பினர்னா ஊர் வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கணும். 18 ஆனவங்க இப்பவே சேர்த்துக்கோங்க. 2025-ல வந்த சட்டத்திருத்தத்தால உள்ளாட்சி மன்றங்கள்ல மாற்றுத்திறனாளிகளை நியமிக்க வழி இருக்கு, குழுவுல யாரை நிறுத்தலாம்னு இப்பவே பேசுங்க.

ஒன்றிய இளைஞர் குழு

ரொம்ப நன்றி. பள்ளிக்குள்ள போய் அளக்க அனுமதி வேணுமா?

மட்டப்பலகை

வேணும். தலைமையாசிரியருக்கு எழுத்துல கேட்டு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கிற நாள்லயே போங்க. உறுப்பினர்கள் எதிர்லயே அளந்து, அளவுத்தாள்ல அவங்கள்ல ரெண்டு பேர்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க. டேப்பை வீல்சேர்ல வர்றவரே பிடிக்கட்டும்.