ரயில் பாதைக்கு முன் அகழாய்வு: கம்பக்குழிகள் தவறாமல் இருக்க (அனுபவப் பகிர்வு)

இங்கிலாந்தின் கெண்ட் பகுதியில், மெய்ட்ஸ்டன் பக்கம், வைட் ஹார்ஸ் ஸ்டோன் என்றோர் இடம். சேனல் சுரங்கத்திலிருந்து லண்டனுக்கு அதிவேகப் பாதை போடுமுன் 1998-99இல் அங்கே தோண்டியபோது புதிய கற்கால நீள்வீடு ஒன்றின் தடம் வெளிப்பட்டது. சுமார் 18 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், காலம் கி.மு. 4000-ஐ ஒட்டி. மிஞ்சியிருந்தவை மரக்கம்பம் நட்ட குழிகளும் ஒடுக்கமான பள்ளங்களும்தான். மேட்டு நிலத்திலிருந்து கரைந்து வந்த மண் மேலே படிந்ததால்தான் அது தப்பியது. அதே மண்தான் இப்படிப்பட்ட இடங்களை ஆய்வாளர் கண்ணிலிருந்தும் மறைக்கிறது. வயலில் நடந்து பானை ஓடு பொறுக்கினால் ஒன்றும் கிடைக்காது. மண்ணின் காந்த வேறுபாட்டை அளக்கும் காந்தமானியிலும் சின்னக் குழிகள் சரியாகத் தெரியாது.

சோதனைக் குழிகளை வழக்கமாக 30 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில் போடுவார்கள். பரப்பில் 4 சதவீதம் என்றால் 1,500 சதுர மீட்டருக்கு ஒரு குழி. மேலே சொன்ன வீடு 144 சதுர மீட்டர். இரண்டு குழிகளுக்கு நடுவே முழுதாக நழுவிவிடும். அடிவாரத்திலும் பள்ளத்தாக்கிலும் குழிகளை நெருக்கிப் போடுங்கள். படிந்த மண்ணையே கன்னி மண் (மனிதக் கை படாத அடிமண்) என்று நினைத்து நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஒவ்வொரு குழியிலும் ஓரிடத்திலாவது இன்னும் ஆழம் போய்ப் பார்த்துவிட வேண்டும். 1.2 மீட்டரைத் தாண்டினால் பக்கங்களைப் படிபடியாக வெட்டுங்கள், சரிந்தால் உயிருக்கே ஆபத்து.

*

முதல் பதிவோடு சேர்த்து, மேல்மண் எடுப்பது பற்றி. பொக்லைனுக்குப் பல் இல்லாத பக்கெட் கட்டாயம். பல் இருந்தால் அதன் கீறல்களே குழிபோலத் தெரியும். ஒரு தடவைக்கு 5 முதல் 10 செ.மீ. போதும். வண்டி தோண்டாத தரையில் நின்று பின்னோக்கிப் போக வேண்டும். திறந்த பரப்பில் டிப்பர் ஒருமுறை ஏறினாலும் 10 செ.மீ. ஆழமே மிஞ்சிய குழி நசுங்கிப் போகும். பழைய குழி இருக்குமிடம் நிறம் மாறிக் கறையாகத் தெரியும்; தெரிந்த உடனே ஆணி அடித்து எண் மாட்டுங்கள். களிமண் காய்ந்தால் அரை மணி நேரத்தில் நிறம் மங்கிவிடும். தண்ணீர் தெளித்தாலும் எல்லாம் திரும்பத் தெரிவதில்லை.

*

குழியைப் பாதியாக வெட்டிப் பார்க்காமல் அது கம்பக்குழி என்று எழுதாதீர்கள். நடுவே நூல் கட்டி ஒரு பாதியை மட்டும் எடுத்து, செங்குத்து முகத்தைப் படம்பிடித்து, 1:10 அளவில் வரைந்த பிறகே மறுபாதி. கம்பக்குழியின் பக்கங்கள் செங்குத்தாக இருக்கும். கம்பம் மக்கிய இடம் கறுத்து நிற்க, சுற்றிலும் இறுக்கிய கல்லோ மண்ணோ இருக்கும். விலங்கு தோண்டிய வளை என்றால் அடியில் பக்கவாட்டில் ஓடும். வேரோடு மரம் சாய்ந்த பள்ளம் பிறைபோல ஒருபக்கம் மட்டும் ஆழமாக இருக்கும்.

மண் மாதிரி 40 லிட்டர். குழி சிறிதென்றால் முழுவதும். கம்பத் தடத்து மண்ணையும் இறுக்கிய மண்ணையும் ஒரே பையில் போட்டுவிட்டால் பிறகு பிரிக்க வழியே இல்லை. இறுக்கிய மண் வீடு கட்டிய நாளில் உள்ளே போனது, தடத்து மண் வீடு அழிந்தபின் இறங்கியது. தண்ணீரில் மிதக்கவிட்டு 0.25 மி.மீ. சல்லடையில் பிடித்தால் கரிந்த தானியம் தங்கும். காலக்கணிப்புக்கு ஓக் மரக் கரி வேண்டாம். வைரம்பாய்ந்த நடுக்கட்டை வீட்டைவிட நூறு, இருநூறு ஆண்டுகள் மூத்ததாக இருக்கலாம். ஒற்றைத் தானியமோ ஹேசல் கொட்டையின் ஓடோ அனுப்புங்கள். ஒரே குழியிலிருந்து இரண்டு அனுப்புவது நல்லது. மண்புழு ஒரு தானியத்தைக் கீழே இழுத்திருந்தால் இரண்டு தேதியும் ஒத்துப்போகாது, அப்போதே தெரிந்துவிடும்.

*

தண்டவாளம் போகும் பட்டையை மட்டும் பார்த்துவிட்டு முடித்துவிடாதீர்கள். வடிகால் குளம், தற்காலிகச் சாலை, கிடங்கு எல்லாவற்றுக்கும் மண் வெட்டப்படும். முதலில் சொன்ன லண்டன் அதிவேகப் பாதையில் எப்ஸ்ஃபிளீட் நிலையத்தைச் சுற்றிய வேலைகளின்போது, 2003-04இல், சுமார் 4,20,000 ஆண்டுகள் பழைய நேர்த்தந்த யானையின் (இன்று அழிந்துபோன யானை வகை) எலும்புகளும், சுற்றிலும் தீக்கல் கருவிகளும் கிடைத்தன. அது மேல்மண் நீக்கினால் தெரிகிற ஆழமல்ல. வெட்டு ஆழம் எவ்வளவு என்று பொறியாளரிடம் குறுக்குவெட்டு வரைபடத்தை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள். பழைய படிவுகளைத் தொடும் இடங்களில் கடைசி லோடு மண் போகும்வரை ஒருவர் நின்று பார்க்க வேண்டும்.