ஏழு மாத ஜெர்மன் ஷெப்பர்டுக்குக் கருத்தடை: இப்போதா, இரண்டு வயதிலா?

தாம்பரம்வாசி:
வணக்கம். எங்கள் வீட்டுக் கடுவன் பெயர் கர்ணன், ஜெர்மன் ஷெப்பர்ட். ஏழு மாதம் முடிந்துவிட்டது, எடை 27 கிலோ. போன வாரம் ஊசி போடப் போன இடத்தில் டாக்டர், "ஆறு மாசம் தாண்டியாச்சு, ஆபரேஷன் பண்ணிடுங்க" என்றார். குட்டி கொடுத்த பிரீடர், "ரெண்டு வயசு வரைக்கும் கை வைக்காதீங்க" என்கிறார். பாட்டிக்கு இரண்டு பேர் சொல்வதும் பிடிக்கவில்லை. பைரவர் வாகனத்தை ஊனமாக்கினால் குடும்பத்துக்கு ஆகாதாம்.

எங்கள் கேட் நாலடி உயரம். தெருவில் மூன்று பெட்டை நாய்கள் உண்டு. போன மாதம் ஒருமுறை தாண்டிப் போய் ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பினான். விருந்தாளி வந்தால் ஒரே குரைப்பு. ஆபரேஷன் செய்தால் அதுவும் அடங்குமா? என்ன செய்வது, சொல்லுங்கள்.

வேளச்சேரி அக்கா:
தம்பி, பதில் உங்கள் பதிவிலேயே இருக்கிறது. நாலடி கேட், மூன்று பெட்டை. இப்போதே செய்துவிடுங்கள்.

எட்டு வருடமாகத் தெருநாய்களை வண்டியில் ஏற்றிக் கருத்தடைக்குக் கொண்டுபோய் வருகிறேன். கடுவன் வளர்ப்பவர்களுக்கு ஒரு வசதி: தங்கள் நாய் போட்ட குட்டிகள் அவர்கள் கண்ணில் படவே படாது. சாக்கடை ஓரத்தில் அரை ஷெப்பர்ட் குட்டிகளைப் பொறுக்குவது எங்கள் வேலை.

அப்புறம் டி.வி.டி. படம் பார்க்கும் டிவிடி இல்லை. இனச்சேர்க்கையில் ஒட்டிக்கொள்ளும் புற்றுக்கட்டி. கிருமி எதுவும் கிடையாது, புற்று செல்லே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குத் தாவி அங்கே வளரும். நம் ஊர்த் தெருக்களில் இது சர்வ சாதாரணம். மருந்துக்கு அடங்கும், ஆனால் வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி என்று ஒரு மாதத்துக்கு மேல் அலைய வேண்டும். ஒன்றரை மணி நேரம் வெளியே இருந்தவன் எங்கே போனான் என்று உங்களுக்குத் தெரியுமா?

லேப்காரர்:
அக்கா சொல்வது தெருநாய்க்குச் சரி. ஷெப்பர்டுக்கு அதே கணக்கைப் போடக் கூடாது. என் லேப் (லாப்ரடார் நாய்) பையனுக்கு ஆறு மாதத்தில் செய்தேன். நாலு வயதில் பின்னங்கால் முட்டித் தசைநார் அறுந்தது. அந்த அறுவை சிகிச்சை, மூன்று மாத ஓய்வு, அவன் மாடிப்படியைப் பார்த்து அழுத அழுகை, இதெல்லாம் பட்ட பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 1,170 ஜெர்மன் ஷெப்பர்டுகளின் மருத்துவமனைப் பதிவுகளை அலசி 2016-ல் வெளியிட்டார்கள். கருத்தடை செய்யாத கடுவன்களில் 7 சதவீதத்துக்கு மூட்டுக் கோளாறு. ஒரு வயதுக்கு முன் செய்தவற்றில் 21 சதவீதம். மூன்று மடங்கு! பெட்டையில் 5 சதவீதம், 16 சதவீதம் என்று போகிறது.

காரணம் எளிது. கால் எலும்பின் நுனியில் வளர்ச்சித் தகடு என்று ஒரு குருத்தெலும்புப் பட்டை உண்டு. பருவ ஹார்மோன் வந்துதான் அது மூடும். விதையை முன்கூட்டியே எடுத்தால் மூடுவது தள்ளிப்போய் எலும்பு இன்னும் கொஞ்சம் நீளும். நாய் நெடுநெடுவென்று நிற்கும், முட்டியின் கோணம் மாறும், எடை தப்பான இடத்தில் இறங்கும். பெரிய இனங்கள் வளர்ந்து முடிக்க ஒன்றரை வருடம் ஆகிறது. ஏழு மாதத்தில் கத்தி வைப்பது பாதி கட்டிய வீட்டில் தூணை உருவுகிற மாதிரி.

வேளச்சேரி அக்கா:
ஒரு கேள்வி. தசைநார் அறுந்தபோது உங்கள் லேப் எத்தனை கிலோ?

லேப்காரர்:
41.

வேளச்சேரி அக்கா:
நினைத்தேன். வீட்டில் மார்பிள் தரையா, டைல்ஸா என்று கேட்கவில்லை. குட்டியில் கால்சியம் டானிக் ஊற்றினீர்களா என்றும் கேட்கவில்லை.

லேப்காரர்:
கேட்டுவிட்டீர்கள், அதனால் சொல்கிறேன். டைல்ஸ்தான். கால்சியமும் கொடுத்தேன், பெரிய இனக் குட்டிக்குக் கூடுதல் கால்சியமே எலும்பைக் கெடுக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. ஆனால் எடை ஏறியதற்கும் ஆபரேஷனுக்கும் தொடர்பு இல்லையா? செய்த பிறகு பசி கூடுகிறது, செலவாகும் சக்தி குறைகிறது. அதே சாப்பாட்டில் அவன் உருண்டைதான் ஆவான். அளவைக் குறைக்கச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வேளச்சேரி அக்கா:
அப்படியென்றால் தப்பு தட்டில். அப்புறம் அந்த 21 சதவீதம்: 100-ல் 79 நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை என்றும் அதைப் படிக்கலாம். எங்கள் பக்கம் கேட் தாண்டி லாரியில் அடிபட்ட நாய்களை எந்தப் பல்கலைக்கழகமும் எண்ணுவதில்லை.

ராஜபாளையத்தான்:
எதற்குச் செய்ய வேண்டும் என்பதே என் கேள்வி. நாங்கள் மூன்று தலைமுறையாக ராஜபாளையம் வளர்க்கிறோம், ஒன்றுக்கும் கத்தி வைத்ததில்லை. கட்டிப்போடுகிற நேரத்தில் கட்டிப்போடு, அவிழ்க்கிற நேரத்தில் கூட நில். நாட்டு நாய் இனங்கள் அருகிவிட்டன என்றுதான் அரசாங்கமே சைதாப்பேட்டையில் இனவிருத்திப் பிரிவு நடத்தியது. 2005-ல் தபால்தலையும் போட்டார்கள். எல்லோரும் வெட்டிக்கொண்டே போனால் அப்புறம் தபால்தலையில்தான் பார்க்கலாம்.

எங்கள் தாத்தா காளைக் கன்றுக்குக்கூடப் பல் பார்த்துத்தான் காயடிக்க விடுவார். சின்னதில் செய்தால் கழுத்து கட்டாது, கால் மட்டும் நீளும் என்பார். லேப்காரர் கலிபோர்னியா வரை போய்ப் படித்ததும் அதுதானே?

சும்மா படிப்பவன்:
ஒரு தடவையாவது ஜோடி சேர்த்துவிட்டுச் செய்யலாம், பாவம். ஏக்கத்தோடு விடக் கூடாது என்பார்கள்.

வேளச்சேரி அக்கா:
ஏக்கம் நாய்க்கா, உங்களுக்கா?

ராஜபாளையத்தான் அண்ணா, கூட நிற்க உங்களுக்குத் தோட்டமும் ஆளும் இருக்கிறது. இந்தத் தம்பிக்கு நாலடி கேட். சரி, உங்கள் பெட்டைகள் ஒன்றுக்கும் கருப்பையில் சீழ் கட்டியதே இல்லையா?

ராஜபாளையத்தான்:
ஒன்றுக்கு வந்தது. எட்டு வயது. தண்ணீராகக் குடித்தது, சாப்பாட்டைத் தொடவில்லை. வயிறு உப்பிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. ராத்திரியோடு ராத்திரியாக மதுரைக்குக் கொண்டுபோய்க் கருப்பையை எடுத்துக் காப்பாற்றினோம். அதற்காக எல்லாக் குட்டிக்கும் ஆறு மாதத்தில் எடு என்பதை நான் ஏற்க மாட்டேன்.

கால்நடை டாக்டர்:
கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தேன், இனி முடியாது.

ஜோடி சேர்த்துவிட்டுச் செய்வதால் உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லை. அந்தப் பேச்சை இங்கேயே விட்டுவிடலாம்.

ஆறு மாதம் என்று சொல்லும்போது நாங்கள் நாயைவிட வளர்ப்பவரைத்தான் எடை போடுகிறோம். "ரெண்டு வயசுல வாங்க" என்று அனுப்பினால் பாதிப் பேர் வருவதில்லை, அல்லது பெட்டை சினையான பிறகு வருகிறார்கள். அந்த டாக்டர் சொன்னது அறியாமை இல்லை, அனுபவம். ஆனால் ஷெப்பர்டுக்கு அது நல்ல யோசனையும் இல்லை.

"பெரிய இனம்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். அதே டேவிஸ் குழு 2020-ல் 35 இனங்களுக்குத் தனித்தனியாகப் பரிந்துரை வெளியிட்டது. ஷெப்பர்டுக்கு இரண்டு பாலிலும் 23 மாதம் தாண்டட்டும் என்றது. லேப் கடுவனுக்கு ஆறு மாதம் தாண்டினால் போதும், பெட்டைக்கு 11 மாதம். கிரேட் டேன் அவ்வளவு பெரிய உடம்பு, அதில் மூட்டுக் கோளாறு கூடியதாகவே தெரியவில்லை. இருந்தாலும் வளர்ச்சி நின்ற பிறகு செய்யலாம் என்றார்கள். ராஜபாளையம் அந்த 35-ல் இல்லை. லேப்காரர் கவனிக்க: உங்கள் பையனுக்கு நடந்ததில் வயதைவிட 41 கிலோவுக்குப் பங்கு அதிகம் என்றே எனக்குப் படுகிறது. அந்த ஆய்வுகளில் இருப்பவை ஒரு பல்கலைக்கழக மருத்துவமனைக்கு வந்த நாய்கள், ஊரில் உள்ள எல்லா நாயும் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

பெட்டை என்றால் தராசு வேறு பக்கம் சாயும். கருப்பைச் சீழ் இருக்கிறது, முலைக்கட்டி இருக்கிறது. ஹீட் (பெட்டை இனச்சேர்க்கைக்குத் தயாராகும் பருவம்) ஒவ்வொன்றாகக் கடக்கக் கடக்க, கருத்தடையால் முலைக்கட்டிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு குறையும் என்பது பழைய கணக்கு. அதன் ஆதாரம் பலவீனம் என்று பின்னால் கேள்வியும் எழுந்தது. மறுபக்கம், ஒரு வயதுக்கு முன் செய்த ஷெப்பர்ட் பெட்டைகளில் 7 சதவீதத்துக்குச் சிறுநீர் தானாகக் கசியும் தொல்லை. நான் பெட்டைக்கு ஒரு ஹீட் முடியட்டும், அதிலிருந்து இரண்டு மூன்று மாதம் போகட்டும் என்பேன். ஹீட்டில் இருக்கும்போது செய்யக் கூடாது, ரத்தக்கசிவு அதிகம்.

குரைப்பைக் கேட்டீர்கள். சுற்றித் திரிவது, மற்ற நாய் மேல் ஏறுவது, மூலைக்கு மூலை சிறுநீர் அடிப்பது, இவை கருத்தடைக்குப் பிறகு பெரும்பாலும் குறையும். விருந்தாளியைப் பார்த்துப் பயத்தில் குரைப்பது குறையாது, சில நாய்க்குக் கூடலாம். அதற்குப் பயிற்சிதான்.

எப்போது செய்தாலும், முதலில் ரத்தப் பரிசோதனை. சென்னையில் உண்ணிக் காய்ச்சல் இல்லாத தெரு கிடையாது. நாய் துள்ளிக்கொண்டிருக்கும், உள்ளே ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு எண்ணிக்கை படுத்திருக்கும். அந்த நிலையில் மேஜையில் போட்டால் ரத்தம் நிற்காது. என் அனுபவத்தில் மாதக் கணக்கைவிட இதில்தான் ஆபத்து அதிகம், இங்கே ஒருவரும் இதைப் பேசவில்லை.

வேளச்சேரி அக்கா:
உண்ணி விஷயம் ஒப்புக்கொள்கிறேன் டாக்டர். ஆனால் 23 மாதம் வரை இவன் கேட்டுக்குள் இருப்பான் என்று நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா?

கால்நடை டாக்டர்:
நான் போட மாட்டேன். வீட்டுக்காரர்தான் போட வேண்டும். கேட் மாறாது என்றால் 12 மாதத்துக்குப் பிறகாவது செய்துவிடட்டும், லாரியில் அடிபடுவது மூட்டுக் கோளாறைவிட மோசம். ஏழு மாதம் மட்டும் வேண்டாம்.

தாம்பரம்வாசி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று வெல்டிங் கடைக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். கேட்டின் மேல் இரண்டடி கம்பி வைக்க 6,500 ரூபாய் கேட்கிறார். ஆபரேஷனுக்கு எடுத்து வைத்த பணத்தில் அது போகிறது. நடைக்கு இனி சங்கிலியோடுதான். இந்த வாரமே ரத்தம் பார்க்கிறேன், ஒரு வயதில் இடுப்பு எக்ஸ்ரே. கால்சியம் டானிக் அலமாரியில் பாதி இருந்தது, குப்பைக்குப் போயிற்று. இரண்டு வயது ஆனதும் செய்கிறேன். பாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை.

ராஜபாளையத்தான்:
ஆறடி எங்கள் நாய்க்கு ஒரு பொருட்டே இல்லை. உங்கள் ஷெப்பர்ட் எப்படியோ.

வேளச்சேரி அக்கா:
இன்னும் 17 மாதம். நாட்காட்டியில் குறித்துவிட்டேன் தம்பி. அன்றைக்கு இந்த இழைக்கு வந்து கேட்பேன்.

தாம்பரம்வாசி:
வாருங்கள் அக்கா. அதற்குள் தாண்டிவிட்டால் நானே முதலில் வந்து சொல்கிறேன்.