வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரும் வீட்டிலுள்ள வயதான அம்மாவும்: கொரோனா நேரத்தில் எதைக் கவனிப்பது?

வெள்ளவத்தைவாசி
2020 மார்ச் 13, வெள்ளி

அனைவருக்கும் வணக்கம். சீனாவிலிருந்து இலங்கைக்கு வந்த பெண் ஒருவருக்குத் தொற்று இருப்பது ஜனவரி 27ஆம் திகதி உறுதியாகி, அவர் அங்கொடைத் தொற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றுக் குணமடைந்து சென்றபோது, வந்த ஆபத்து வந்த வழியே போய்விட்டது என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆனால் இத்தாலியப் பயணிகளுடன் சென்ற சுற்றுலா வழிகாட்டி ஒருவருக்கு இந்த வாரம் தொற்று உறுதியாகியதிலிருந்து எங்கள் தொடர்மாடியில் வேறு கதையே இல்லை. நேற்று முன்தினம் உலக சுகாதார நிறுவனமும் இதை உலகப் பெருந்தொற்றாக அறிவித்துவிட்டது. இன்று முதல் பாடசாலைகளுக்கும் விடுமுறை. லிஃப்டின் பொத்தானை விரலால் தொடப் பயந்து சிலர் வீட்டுத் திறப்பால் அழுத்துகிறார்கள். அதே திறப்பை உடனே வாயில் கவ்விக்கொண்டு இரு கைகளாலும் பைகளைத் தூக்குபவரையும் இன்று மாலை பார்த்தேன்.

என்னுடைய சிக்கல் சற்று வேறானது. அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. சீனி வருத்தமும் பிரஷரும் நெடுநாளாக உண்டு. எங்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒரு கல்யாணத்துக்காகக் கடந்த திங்கட்கிழமை, 9ஆம் திகதி, பாரிசிலிருந்து வந்து பம்பலப்பிட்டியில் தங்கியிருக்கிறார்கள். ஞாயிறு மதியம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா அறக்குளா மீனுக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டார். இத்தாலி, ஈரான், தென்கொரியா ஆகிய நாடுகளிலிருந்து வருபவர்களை 10ஆம் திகதி முதல் 14 நாட்கள் தனிமைப்படுத்துகிறார்கள். பெரியப்பா வந்ததோ அதற்கு முதல் நாள், அதுவும் அந்தப் பட்டியலில் இல்லாத பிரான்சிலிருந்து. அவருக்கு இருமலோ காய்ச்சலோ எதுவும் இல்லை. அப்பா இறந்த பிறகு எங்களைத் தாங்கியவர் அவர்தான். அவரை வர வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா, அல்லது நான் தேவைக்கு மேல் பயப்படுகிறேனா?

இன்னொன்று: வீட்டு வேலைக்கு உதவ வரும் அக்கா நாள்தோறும் வனாத்தமுல்லையிலிருந்து பேருந்தில் வருகிறார். அவரை நிறுத்துவது சரியா என்பதையும் சொல்லுங்கள்.


மருந்தாளர் (கொட்டாஞ்சேனை)
2020 மார்ச் 13, வெள்ளி

நீங்கள் தேவைக்கு மேல் பயப்படவில்லை. பயப்பட வேண்டிய இடத்தைச் சரியாகவே கண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மருந்துக்கடையில் நிற்பதால் இந்த நாட்களில் நான் பார்ப்பதெல்லாம், முகக்கவசம் பெட்டிக் கணக்கில் கிடைக்குமா என்று கேட்டு வருபவர்களையும், கைச்சுத்திகரிப்புத் திரவத்துக்காக நான்கு கடை ஏறி இறங்குபவர்களையும்தான். அம்மாவின் சீனி மருந்து இன்னும் எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று கணக்குப் பார்த்து வருபவர்கள் மிகக் குறைவு.

சீன நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் பெப்ரவரியில் வெளியிட்ட ஆய்வு 44,672 உறுதிப்படுத்தப்பட்ட நோயாளர்களை வைத்து எழுதப்பட்டது. அவர்களுள் 81 வீதமானோருக்கு நோய் கடுமையாகவில்லை. இறந்தோர் மொத்தத்தில் 2.3 வீதம், ஆனால் எழுபது முதல் எழுபத்தொன்பது வயது வரையானோரில் அது 8 வீதம், எண்பதைத் தாண்டியோரில் 14.8 வீதம், நீரிழிவு உள்ளோரில் 7.3 வீதம். இலேசாக நோயுற்று வைத்தியசாலைக்கே போகாதவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்பதால் உண்மையான வீதம் இதைவிடக் குறைவாக இருக்கலாம். எனினும் ஆபத்து எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை, அது உங்கள் அம்மாவின் பக்கம்தான் அதிகம் சாய்ந்திருக்கிறது என்பதில் மாற்றமில்லை.

பெரியப்பாவுக்கு இப்போது எதுவும் இல்லை என்பது நல்ல செய்தி. ஆனால் அது போதாது. தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாளிலிருந்து 14 நாட்கள் வரை ஆகலாம். பெரும்பாலானோருக்கு ஐந்து நாள் அளவில் தெரிகிறது. அவர் 9ஆம் திகதி வந்திருந்தால் 23ஆம் திகதி வரை பொறுப்பதே கணக்கு. பிரான்ஸ் பட்டியலில் இல்லை என்பதால் கிருமி அங்கே இல்லை என்று ஆகிவிடாது.

கையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கிருமியின் வெளியுறை கொழுப்பாலானது. சவர்க்காரம் அந்தக் கொழுப்பைக் கரைத்து உறையைக் குலைத்துவிடுகிறது. ஆகவே சாதாரண சவர்க்காரமே போதும், வாசனையோ விலையோ முக்கியமல்ல. குறைந்தது 20 விநாடிகள், பெருவிரலையும் நகக்கண்களையும் விடாமல் தேய்க்க வேண்டும் என்பதே முக்கியம். திரவம் வாங்குவதானால் அதில் மதுசாரம் 60 வீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று லேபலில் பாருங்கள். எதுவும் எழுதப்படாத போத்தல்களில் நிறம் கலந்த நீரை விற்கும் காலம் இது. நிலம் துடைக்கக் குளோரின் பாவிப்பவர்கள் அதை மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் கலக்க வேண்டாம். அதிலிருந்து எழும் நச்சுவாயு இந்தக் கிருமியைவிட வேகமாக ஆளை வீழ்த்தும்.

கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் குடிப்பது தொண்டைக்கு இதமானது, தாராளமாகக் குடியுங்கள்; ஆனால் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் சனக்கூட்டத்துக்குள் போகாதீர்கள். கொழும்பு வெக்கையில் கிருமி செத்துவிடும் என்ற செய்தியும் கைபேசி கைபேசியாக உலாவுகிறது. எங்களைப் போலவே வெக்கையும் ஈரப்பதனும் உள்ள சிங்கப்பூரில் அது பரவிக்கொண்டிருக்கிறது. மனித உடலின் உள்வெப்பமோ 37 பாகை.

முகக்கவசம் நோயாளிக்கும் அவரைப் பராமரிப்பவருக்குமே அவசியம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் தற்போதைய அறிவுரை. பெட்டி பெட்டியாக வாங்கி அலுமாரியில் பூட்டினால் வைத்தியசாலை ஊழியர்களுக்கு இல்லாமற்போகும்.


நூறாம் இலக்கப் பயணி
2020 மார்ச் 14, சனி

மருந்தாளர் ஐயா சொன்ன மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன்; முகக்கவசம் பற்றிச் சொன்னதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு மீற்றர் தூரம் தள்ளி நிற்க முடிந்தவர்களை நினைத்து எழுதப்பட்ட அறிவுரை அது. காலை ஏழரை மணிக்குக் காலி வீதியில் புறக்கோட்டைக்குப் போகும் நூறாம் இலக்கப் பேருந்தில் ஏறிப் பாருங்கள். முன்னால் நிற்பவரின் தோளில் எங்கள் முகம் இருக்கும், பின்னால் நிற்பவரின் மூச்சு எங்கள் கழுத்தில் படும், அதற்குள் நடத்துனர் காசைப் பல்லில் கடித்துக்கொண்டு மீதி எண்ணுவார். அறிகுறி இல்லாதவரிடமிருந்தும் தொற்றலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது, துணியால் தைத்ததாவது ஒன்றைக் கட்டிக்கொள்வதில் என்ன கெடுதி? வைத்தியசாலைக்குப் போக வேண்டியவற்றை நாங்கள் பறிக்க வேண்டியதில்லை; வீட்டிலேயே பருத்தித் துணியில் தைத்து, தினமும் துவைத்துக் கட்டலாம். ஆனால் பேசுவதற்காக அதை நாடிக்கு இழுத்துவிட்டுப் பிறகு அதே கையால் மேலே ஏற்றுவதை நிறுத்த வேண்டும். அப்படிச் செய்வதைவிடக் கட்டாமலிருப்பதே மேல்.

உதவிக்கு வரும் அக்காவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பேருந்தில் வருகிறார் என்றால், அம்மாவுக்கு மட்டுமல்ல, அவருக்கும் அது ஆபத்து. நிறுத்துங்கள், ஆனால் மாதச் சம்பளத்தை முழுமையாகக் கொடுத்து நிறுத்துங்கள். கொழும்பில் பலர் வேலையை விட்டு நிற்பாட்டுவதையே முன்னெச்சரிக்கை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாட்கூலியை நம்பி இருப்பவர் மறுநாளே இன்னொரு வீட்டைத் தேடிப் போவார், தொற்றும் அவரோடு வீடு வீடாகப் போகும்.


வந்திறங்கியவன்
2020 மார்ச் 14, சனி

நானும் உங்கள் பெரியப்பாவைப் போல இந்த மாதம் ஐரோப்பாவிலிருந்து வந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். விமான நிலையத்தில் உடல் வெப்பநிலையைப் பார்த்தார்கள், படிவம் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள், அவ்வளவுதான். வெளியே வந்தவுடன் காத்திருந்த பத்துப் பேரும் கட்டியணைத்துக் கொஞ்சினார்கள். விலகி நின்றால் 'வெளிநாடு போனதும் பெருமை வந்துவிட்டது' என்று சொல்வார்களோ என்ற கூச்சத்தில் நானும் விலகவில்லை. அன்றிரவு நித்திரை வரவில்லை.

உங்கள் பெரியப்பாவுக்கும் இந்தக் கூச்சம் இருக்கக்கூடும். வராமல் விட்டால் தம்பியின் குடும்பத்தை மறந்துவிட்டதாக நீங்கள் நினைப்பீர்களோ என்று அவர் யோசிப்பார். வர வேண்டாம் என்றால் நன்றி கெட்டதாக ஆகிவிடுமோ என்று நீங்கள் யோசிக்கிறீர்கள். ஆகவே குறுஞ்செய்தி அனுப்பாமல், அம்மாவைக் கொண்டு சொல்லுவிக்காமல், நீங்களே தொலைபேசியில் அழைத்து, 23ஆம் திகதிக்குப் பிறகு ஒரு நாளைக் குறித்து அந்த நாளுக்கு அழையுங்கள். நாள் குறித்து அழைத்தால் அவர் அதை மறுப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. எங்களைப் பற்றி அயலவர் கதைக்கும் விதம் கவலையளிக்கிறது. சில வாரங்களுக்கு முன் சீன முகச்சாயல் உள்ள எவரைக் கண்டாலும் வீதியின் மறுபக்கம் போனார்கள். இப்போது எங்கள் முறை. அங்கொடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார்களோ, தொலைக்காட்சியில் வீட்டைக் காட்டுவார்களோ என்ற பயம் வந்தால், காய்ச்சல் வந்தவர் அதை மறைப்பார், வைத்தியரிடம் தான் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லமாட்டார். அதனால் யாருக்கும் நன்மையில்லை.


தெகிவளை ஆசிரியை
2020 மார்ச் 14, சனி

எல்லோரும் கொரோனாவையே பேசுவதால் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்குவையும் நினைக்க வேண்டும். 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்குச் சந்தேகத்தில் பதிவானார்கள். நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா தொற்றிவிடும் என்று பயந்து, காய்ச்சலோடு பிள்ளையை வீட்டிலேயே வைத்திருந்த ஒரு பெற்றோரை எனக்குத் தெரியும். நான்காம் நாள் குருதியைச் சோதித்தபோது பிளேட்லெட் பெரிதும் குறைந்திருந்தது. நல்லகாலம், பிள்ளை தப்பிவிட்டது.

டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தான நேரம் என்பதைப் பலர் அறிவதில்லை. காய்ச்சலுக்குப் பனடோலை (பரசிற்றமோல்) தவிர அஸ்பிரின், புரூபன் போன்றவற்றை வைத்தியர் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. இருமலும் மூச்சுத்திணறலும் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வந்தவரோடு பழகியும் இருந்தால், தனியார் சிகிச்சை நிலையங்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி மற்ற நோயாளர்களோடு காத்திருக்காமல் முதலில் தொலைபேசியில் தெரிவியுங்கள். அவசரமானால் 1990 அம்புலன்சை அழையுங்கள். பாடசாலை விடுமுறையால் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் இந்த நாட்களில் பூச்சாடித் தட்டுகளையும் மொட்டைமாடித் தொட்டிகளையும் கவிழ்த்துவிடச் சொன்னால் அவர்களுக்கும் பொழுது போகும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விடுமுறை விட்டது கூட்டத்தைக் குறைப்பதற்காக. அதே பிள்ளைகளை ஒரு சிறிய அறையில் நாற்பது பேராக அடைத்துத் தனியார் வகுப்புக்கு அனுப்புவது எந்த நியாயத்தில் சேர்த்தி என்று எனக்கு விளங்கவில்லை.


வெள்ளவத்தைவாசி
2020 மார்ச் 15, ஞாயிறு

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு பெரியப்பாவை அழைத்தேன். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, தானும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்ததாகவும், பெரியம்மாதான் போகாவிட்டால் பிழையாக நினைப்பார்கள் என்று வற்புறுத்தியதாகவும் சொன்னார். 24ஆம் திகதி செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்திருக்கிறோம். கல்யாணத்தையும் இரு வீட்டாரும் மிக நெருங்கியவர்களோடு சுருக்கமாக முடிப்பது பற்றிப் பேசுகிறார்களாம். பிரான்ஸ் உட்படச் சில ஐரோப்பிய நாடுகளிலிருந்து பயணிகள் வருவதையே நிறுத்துவதாக அறிவித்திருப்பதால், மற்ற உறவினர் எப்படியும் வரப்போவதில்லை. அம்மா என்னோடு முழுதாகக் கதைக்கவில்லை. ஆனால் பெரியப்பாவோடு வீடியோவில் ஒரு மணித்தியாலம் கதைத்தார்.

அக்காவுக்கு இந்த மாதச் சம்பளத்தையும் அடுத்த மாதத்தில் பாதியையும் கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டேன்.

மருந்தாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி. அம்மாவுக்கு அடுத்த கிளினிக் 25ஆம் திகதி. அங்கே எப்போதும் நூறு பேராவது வாங்கில் நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள். அழைத்துப் போவதா, விடுவதா?


மருந்தாளர் (கொட்டாஞ்சேனை)
2020 மார்ச் 15, ஞாயிறு

மருந்தை விடக் கூடாது; அம்மாவை அழைத்துப் போகாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள். நாளையே கிளினிக்கின் இலக்கத்துக்கோ வழமையாகப் பார்க்கும் வைத்தியருக்கோ அழைத்து, கிளினிக் கொப்பியோடு நீங்கள் மட்டும் வந்து மருந்தைப் பெறலாமா, இரண்டு மாதத்துக்குச் சேர்த்துத் தருவார்களா என்று கேளுங்கள். கிடைக்காவிட்டால் கொப்பியிலுள்ள மருந்துப் பெயர்களையும் அளவுகளையும் தெளிவாகப் படமெடுத்து வைத்துக்கொண்டு வெளியில் வாங்கலாம். அதற்கு முன் சீனி அளவை வீட்டிலேயே காலையில் வெறும் வயிற்றில் பார்த்து எழுதி வையுங்கள். தொலைபேசியில் வைத்தியர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். சோதனைத் துண்டுகள் முடிந்திருந்தால் இப்போதே வாங்கிவிடுங்கள். எங்கள் கடையில் ஒரு பெட்டிதான் மிச்சம்.