கஜா ஓய்ந்த பிறகு எங்கள் ஊரில் பார்த்தவை

பட்டுக்கோட்டைக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையே ஒரு கிராமம் எங்களுடையது, சுற்றிலும் தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையைக் கடந்தது. எங்கள் பக்கம் முதலில் வடக்கேயிருந்து காற்று, ஓடெல்லாம் பறந்தது, அப்புறம் திடீரென்று அடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு மாட்டைப் பார்க்கக் கிளம்பினார்கள். 1952-ல் அடித்த புயலைப் பார்த்த எங்கள் அப்பத்தாதான், "டேய், உள்ள வாங்கடா, தெக்கத்திக் காத்து இனிமேத்தான் வரும்" என்று கத்தியது. சொன்னபடியே வந்தது, நிறைய மரம் அந்தத் தெற்குக் காற்றில்தான் சாய்ந்தது. நடுவில் வரும் அமைதி புயலின் கண் நம்மைக் கடக்கிற நேரம், அதை நம்பி யாரும் வெளியே போகாதீர்கள்.

விடிந்ததும் தெருவே தெரியவில்லை, அவ்வளவு மட்டையும் மரமும், அதற்கடியில் மின்கம்பி. டெல்டாவில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேல் போஸ்ட் சாய்ந்தது. ஊரே இருட்டு, கம்பியில் எங்கே கரண்டு இருக்கப்போகிறது என்று பலபேர் அதைக் கையால் எடுத்து ஓரம் போட்டார்கள். எனக்குப் பயம் வந்தது அதைப் பார்த்துத்தான். ஏனென்றால் அடுத்த சில நாளில் ஊருக்குள் ஜெனரேட்டர் வந்துவிட்டது. மேல்தொட்டியில் தண்ணீர் ஏற்ற மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி, டிராக்டரில் வைத்து வீடு வீடாகக் கொண்டுவந்தார்கள். எங்கள் சித்தப்பா வீட்டில் ஒயரை நேராக மீட்டர் போர்டில் கொடுக்கப் பார்த்தார்கள். "மெயின இறக்கிட்டீங்களா சித்தப்பா?" என்றேன். "கரண்டே இல்லையேப்பா, எதுக்கு இறக்கணும்?" என்றார்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. மெயினை இறக்காமல் கொடுத்தால் ஜெனரேட்டர் கரண்டு வீட்டோடு நிற்காது, போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் வழியாக வெளியே, கீழே கிடக்கிற கம்பிக்கும் போகும், டிரான்ஸ்பார்மரைத் தொட்டால் அது பின்பக்கமாக ஏறி 11,000 வோல்ட் லைனுக்கே போய்விடலாம். அந்த லைனில் வெளி மாவட்டத்திலிருந்தும் கேரளாவிலிருந்தும் நமக்காக வந்த லைன்மேன்கள் இடுப்பளவு சேற்றில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோற்றுக்கும் தூக்கத்துக்கும் வழியில்லாமல் உழைத்த அந்த மனிதர்களை நம் வீட்டு ஜெனரேட்டர் கொன்றுவிடக் கூடாது. லைன் கரண்டு, ஜெனரேட்டர் கரண்டு இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டுக்குள் விடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மோட்டார் ஒயரைத் தனியாகக் கழற்றி ஜெனரேட்டரில் கொடுங்கள், வீட்டு லைனில் கொடுக்கவே வேண்டாம். அன்றைக்கு சித்தப்பாவும் அப்படித்தான் தனியாகக் கொடுக்கச் சொன்னார். மழை பெய்கிறது என்று ஜெனரேட்டரைத் தாழ்வாரத்துக்குள்ளோ மாட்டுக் கொட்டகையிலோ வைப்பவர்களும் உண்டு. அதன் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தலை சுற்றுகிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவே மாட்டார். வாசலைத் தாண்டி, ஜன்னலுக்கு எட்டாத தூரத்தில்தான் வைக்க வேண்டும்.

அடுத்து மரம். சாய்ந்த தென்னை வேரோடு பெயர்ந்து, தூர் மண்ணோடு ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும், கீழே பள்ளம். பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளம் விளையாட ஏற்ற இடமாகத் தெரியும். மேலே மிஷின் ரம்பம் வைத்துத் தண்டை அறுத்ததும், அதுவரை தண்டின் கனத்தில் தூக்கிக்கொண்டிருந்த தூர் சடாரென்று பழைய குழியிலேயே போய் உட்காரும். எங்கள் தோப்பில் அப்படி ஒன்று உட்கார்ந்தபோது தரையே அதிர்ந்தது, பள்ளத்தில் நின்ற ஆட்டுக்குட்டியை அப்போதுதான் வெளியே இழுத்திருந்தோம். அறுக்கிறவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் தூர்ப்பக்கம் ஆளே இருக்கக் கூடாது. ஒரு மரத்தின்மேல் இன்னொன்று சாய்ந்து நின்றால் அதற்கு ஆள் கூப்பிடுங்கள், நீங்களே அரிவாளோடு போகாதீர்கள்.

பாம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மட்டைக் குவியல், சரிந்த ஓடு, விறகு எல்லாவற்றிலும் இருந்தது. கம்பால் தட்டிவிட்டு எடுங்கள், வெறுங்காலோடு போகாதீர்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம், கடிபட்டவரை நடக்க விடாமல் நேராக அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், மருந்து அங்கே இருக்கும். வழியில் மரம் கிடந்தால் 108 வரும்வரை காத்திருக்காமல், மரம் கிடக்கிற இடம் வரைக்கும் கட்டிலில் தூக்கிக்கொண்டு போய்விடுவது உத்தமம்.

தண்ணீரை ஒரு நிமிஷமாவது நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே குடிக்கலாம், கிணறு தெளிவாகத் தெரிந்தாலும் சரி. கம்பி அறுந்து கிடப்பதைச் சொல்ல இப்போது மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987 இருக்கிறது, கஜா சமயத்தில் அது கிடையாது. கலெக்டர் ஆபீஸ் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. டவர் வேலை செய்யும்போதே இரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதிவையுங்கள், செல்போனில் சார்ஜ் போன பிறகு எதையும் தேட முடியாது.