உடையார்குடிக் கல்வெட்டில் நந்தினி எங்கே?

கல்லெழுத்து:
சுந்தர சோழனின் மூத்த மகனும் ராஜராஜனின் அண்ணனுமான ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டாவது வரியிலேயே நந்தினி வந்துவிடுகிறாள். அவள் கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய பொன்னியின் செல்வனின் கற்பனைப் பாத்திரம். சான்று என்று இருப்பது காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் உள்ள ராஜராஜன் காலக் கல்வெட்டு. ‘பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான’ என்று சொல்லி சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என மூன்று சகோதரர்களைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது. நாவலை மூடிவிட்டு அதைப் படியுங்கள்.

வாசகன்:
ரவிதாசன் என்ற பெயரைக் கல்கி அந்தக் கல்லிலிருந்துதானே எடுத்தார்? நாவல் இல்லாவிட்டால் அந்தச் சுவரை எத்தனை பேர் எட்டிப் பார்த்திருப்பார்கள்? சரி, அது ராஜராஜன் கல்வெட்டு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? ‘கோராஜகேசரி, யாண்டு 2’ என்றுதானே தொடங்குகிறது?

கல்லெழுத்து:
நல்ல கேள்வி. பலர் சறுக்குவது இங்கேதான். சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் வைத்தார்கள். சுந்தர சோழன் ராஜகேசரி, உத்தம சோழன் பரகேசரி. ஆக, கொலைக்குப் பிந்தைய முதல் ராஜகேசரி ராஜராஜன். 985-இல் அரியணை, இரண்டாம் ஆண்டு என்றால் 987-ஐ ஒட்டி வரும். ‘திருமகள் போல’ என்று தொடங்கும் மெய்க்கீர்த்தியை, அதாவது ராஜராஜனின் புகழைப் பாடும் கல்வெட்டு முன்னுரையைத் தேடி ஏமாறாதீர்கள், அது சில ஆண்டுகள் கழித்துத்தான் வருகிறது.

வாசகன்:
அப்படியானால் இடையில் ஆண்ட உத்தம சோழன் கொலைகாரர்களை ஏன் சும்மா விட்டான்? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியே அவன்மேல் சந்தேகப்பட்டவர்.

தில்லைவாசி:
செம்பியன் மாதேவி பெற்ற பிள்ளை ஐயா! தகப்பன் கண்டராதித்தர் சிவன்மேல் திருவிசைப்பா பாடியவர். அந்த வீட்டிலா கொலைச் சதி?

கல்லெழுத்து:
இது பக்தி, சான்று ஆகாது. அம்மா கற்றளி (கல் கோயில்) எடுப்பித்தார் என்பதால் மகன் நிரபராதி ஆகிவிட மாட்டான். ஆனால் சாஸ்திரியின் சந்தேகமும் ஊகம்தான். அந்தக் கல் சொத்துப் பறிமுதலைப் பேசுகிறது. துரோகிகளின் மக்கள், மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள் வரை சொத்து போகிறது. இத்தனை பேரைத் தேடிப் பிடித்துக் கணக்கெடுக்கும் வேலை முன்பே தொடங்கியிருக்கலாம். 987-இல்தான் முதல் தண்டனை என்று கல்லில் இல்லை.

வாசகன்:
ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராசன் என்ற பட்டம் (பிராமண அதிகாரிகளுக்குத் தரும் பட்டம்) இருக்கிறதே. பஞ்சவன் என்றால் பாண்டியன். ஆதித்தன் தலைகொண்ட வீரபாண்டியனுக்காகப் பழி வாங்கினார்கள் என்று கல்கி எழுதியதில் என்ன தப்பு?

கல்லெழுத்து:
அடுத்த பெயரையும் படியுங்கள். பரமேசுவரனுக்கு இருமுடிசோழ பிரமாதிராசன். கூடப்பிறந்தவர்களில் ஒருவனுக்குப் பாண்டியப் பட்டம், இன்னொருவனுக்குச் சோழப் பட்டம். முதல் பெயரை மட்டும் எடுத்தால் பழிவாங்கல், இரண்டாவதை மட்டும் எடுத்தால் அரண்மனைச் சதி.

தில்லைவாசி:
அப்போ உத்தம சோழன் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது, செய்தான் என்றும் சொல்ல முடியாதா?

கல்லெழுத்து:
இந்த ஒரு கல்லை வைத்துக்கொண்டு, முடியாது. திருவாலங்காட்டுச் செப்பேடும் ஆதித்தன் வானுலகம் காணும் ஆசையில் மறைந்தான் என்று பூசி மெழுகிவிட்டுப் போகிறது.