செயலாளர் பூங்கா: உங்களுக்கு என்ன நடந்தது?

புளியமரத்தடி

மாம்பழ சீசனுக்கு ஊருக்கு வந்தவன், சாயங்காலம் பூங்கா பக்கம் போனேன். திறந்த பிறகு இப்போதுதான் பார்க்கிறேன். எட்டு போட்ட நடைபாதை, இரும்புக் கருவிகள், வாசலில் நம்ம கபடிச் சங்கத்து முன்னாள் செயலாளர் பெயர். எல்லாம் சரி. அவர் யார் என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பொங்கல் கபடிக்கு அவர் சுண்ணாம்புக் கோடு போட்ட அதே இடத்தில்தான் இப்போது கொரியன் புல் வளர்கிறது.

நாலைந்து பையன்கள் மூலைக்கு ஒரு செருப்பை வைத்து எல்லை கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் மூச்சுப் பிடித்து உள்ளே போகிறான், காவலாளி விசில் அடித்தார். பையன் அதை அம்பயர் விசில் என்று நினைத்துக்கொண்டு, அவனாகவே நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்து நின்றான். காவலாளி வாசலைக் காட்டினார். செயலாளர் பெயர்ப் பலகைக்கு அடியிலேயே இன்னொரு பலகை: பூங்காவில் விளையாடக் கூடாது.

பையன் இரண்டு பலகையையும் சேர்த்துச் சத்தமாகப் படித்தான். அவர் பெயரில் ஆரம்பித்து 'கூடாது' வரைக்கும் ஒரே மூச்சில், கபடி பாடுகிற மாதிரி. மூன்று நாளாக அது காதைவிட்டுப் போகவில்லை. உங்களுக்கும் அங்கேயோ அவரிடமோ ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

ஐம்பத்தஞ்சு கிலோ

எனக்கு அவர் என்றாலே தராசுதான். சின்னப் பையன்கள் கபடிப் போட்டிக்கு 16 வயதுக்குள், 55 கிலோவுக்குள் இருக்கணும். புளி மண்டியில் இரவல் வாங்கி வந்த எடை மிஷின். ஏறி நின்றேன், 55 கிலோ 300. குனிந்து பார்த்தவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. மிஷினிடம் பேசுகிற மாதிரி, "இன்னும் அரை மணி நேரம் இருக்கு. வெயிலும் இருக்கு" என்றார்.

யாருடைய ஸ்வெட்டரையோ மாட்டிக்கொண்டு மே மாத வெயிலில் ஓடினேன். துப்பித் துப்பி நாக்கு பலகையாகிவிட்டது. திரும்ப ஏறினால் 54.950. நோட்டில் எழுதிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் வைத்தார். "உப்பு போட்டுக் குடி."

முதல் சுற்றிலேயே தோற்றோம், அது வேறு கதை. எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டா ஒரு மனுஷன் வீட்டைவிட்டுக் கிளம்புவார்?

இடது மூலை

ஐம்பத்தஞ்சு அண்ணா, அதே மிஷின்தான். அதே நாளாகக்கூட இருக்கலாம். எனக்கு 55.200, உங்களைவிட நூறு கிராம் கம்மி. எனக்கு அவர் வெயிலைக் காட்டவில்லை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று பேரை அடித்துவிட்டார். அடுத்த வருஷம் எனக்கு வயது தாண்டிவிடும். பிறப்புச் சான்றிதழ் அவர் கையில்தான் இருந்தது, அவருக்குத் தெரியாதா?

ஆளாளுக்கு அவரைச் சாமியாக்காதீர்கள். அவர் ஒரு தடவையாவது கோடு தாண்டி ரெய்டு போனவரா? ரசீது போட்டார், கணக்கு எழுதினார். முட்டி உடைந்தவன் பேரில் பூங்கா இல்லை, ரசீது கிழித்தவர் பேரில் இருக்கிறது.

தினமும் காலையில் நான் அங்கேதான் நடக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை 240.

ஒசூர் ஷிப்ட்

இடது மூலை, கோபம் நியாயம், வாதம் நியாயமில்லை. பக்கத்திலே பெங்களூருக்குப் போய் டிக்கெட்டுக்கு அடித்துக்கொள்கிறோமே, அந்தச் சின்னசாமி மைதானத்துச் சின்னசாமி எத்தனை விக்கெட் எடுத்தார்? அவர் மண்டியாக்காரர், வக்கீல். 1977 முதல் 1980 வரை கிரிக்கெட் வாரியத் தலைவர். அவருக்கு அடுத்து தலைவராக வந்தவர் மும்பை மைதானத்து வான்கடே, அவர் அரசியல்வாதி. சேப்பாக்கத்து எம்.ஏ.சிதம்பரம் தொழிலதிபர், 1960களின் தொடக்கத்தில் அதே வாரியத்துக்குத் தலைவர். மூன்று மைதானமும் நிர்வாகிகள் பெயரில்தான் இருக்கின்றன. பெரிய ஊர் என்றால் கேட்க மாட்டோம், நம்ம ஊர் என்றால் மட்டும் 'ரெய்டு போனாரா' என்று கேட்போம்.

என் அனுபவம் சின்னது. டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் எடுத்தார். நான் யாரென்றே அவருக்குத் தெரியாது. கையில் மாவுக்கட்டு இருந்ததால் கபடிப் பையன் என்று நினைத்துவிட்டார். நான் மாமரத்திலிருந்து விழுந்தவன். சொல்லவில்லை, இறங்கிவிட்டேன்.

புளியமரத்தடிக்கு ஒரு யோசனை. காவலாளியிடம் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. முதலில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளங்கள். ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அந்த அகலத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீட்டர் லாபி, அதாவது ஓரப் பட்டை. பெண்களுக்கும் சின்னப் பையன்களுக்கும் 12க்கு 8 போதும். போர் பம்புக்குப் பின்னால் முள் மண்டிக் கிடக்கிற மூலையில் 12க்கு 8 தாராளமாக வரும் என்பது என் கணிப்பு. பாய் எல்லாம் வேண்டாம். புரோ கபடி 2014இல் வந்த பிறகு எல்லோரும் பாய் கேட்கிறார்கள். பழைய முறைப்படி மண்ணைச் சலித்து, மக்கிய எருவும் மரத்தூளும் கலந்து நிரவினாலே விழுந்தால் அடிபடாது. மரத்தூளுக்கு மில்லில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். இதை எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, கையால் ஒரு வரைபடம் போட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். 'பலகையை எடுங்கள்' என்று எழுதாதீர்கள், எடுக்க மாட்டார்கள். 'ஒரு மூலை ஒதுக்குங்கள்' என்று எழுதுங்கள். மனு எண்ணை வாங்காமல் வெளியே வராதீர்கள். நகல் இரண்டு.

புளியமரத்தடி

அண்ணா, நான் திருப்பூரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவேன்.

தெற்குத்தெரு மணி

நான் பெண்கள் டீமில் ஆடியவள். மாநிலப் போட்டிக்குப் பாரம் கொடுக்கிற கடைசி நாள். பள்ளிச் சான்றிதழில் என் இனிஷியல் 'கே'. அப்பா பேர் குப்புசாமி மாதிரி ஒரு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள், ரேஷன் கார்டில் 'கு'. அவர் பாரத்தை வாங்கவே இல்லை. ஹெட்மாஸ்டரிடம் எழுதி வாங்கி வா என்று திருப்பி அனுப்பினார். பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அழுதேன். நின்று திட்டவும் செய்தேன், "ஒரு எழுத்துதானே சார்" என்று.

"எழுத்து மாறினா வேற ஆளு ஆடின மாதிரி ஆயிடும்மா" என்றார். ராத்திரி ஏழு மணி வரைக்கும் அந்தச் சங்க அறையில் எனக்காக ஒரு குண்டு பல்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இன்று அரசு வேலையில் இருக்கிறேன், விளையாட்டு ஒதுக்கீட்டில். சான்றிதழ் சரிபார்ப்பு அன்றைக்கு எனக்கு முன்னால் நின்ற பெண்ணை இனிஷியலுக்காகத்தான் ஓரமாக உட்கார வைத்தார்கள். அவள் முகத்தைப் பார்க்காமல் தாண்டிப் போனேன்.

போன மாதம் பூங்காவுக்குப் போனபோது கல்வெட்டைப் படித்தேன். 'முன்னாள் செயளாலர்' என்று இருக்கிறது. ல, ள இரண்டும் இடம் மாறி. அத்தனை பேர் பாரத்தையும் மூக்குக் கண்ணாடியைத் தூக்கி மூன்று தடவை பார்த்த மனுஷன். அவர் கல்லில், அவர் பதவியிலேயே. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வந்துவிட்டேன்.

இடது மூலை

நானும் பார்த்தேன். திறந்த அன்றிலிருந்து தினமும் பார்க்கிறேன். சொல்லவில்லை.

ஐம்பத்தஞ்சு கிலோ

அந்த நூறு கிராமுக்காகவா?

இடது மூலை

ஆமாம்.

கருங்கல் பட்டறை

எழுதாமல் இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். அந்தக் கல்லை வெட்டியது நான்.

இப்போதெல்லாம் உளி இல்லை. வாட்ஸப்பில் வந்த வாசகத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, ரப்பர் ஷீட்டில் எழுத்தை வெட்டி, கல்லில் ஒட்டி, கம்ப்ரசரில் மணலைப் பீய்ச்சினால் எழுத்து குழியும். அப்புறம் தங்கக் கலர் பெயின்ட். வந்த வாசகத்திலேயே அப்படித்தான் இருந்தது. ஆனாலும் நானும் படித்துத்தானே ஒட்டினேன்.

திறப்பு விழாவில் திரையை விலக்கினதும் கடைசி வரிசையிலிருந்தே என் கண்ணில் பட்டுவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டம் பஜ்ஜி டீக்கு நகர்ந்த பிறகு, அவர் வீட்டம்மா மட்டும் கல்லுக்குப் பக்கத்தில் போனார். முதல் எழுத்திலிருந்து விரலை வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். 'ளா'வில் விரல் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அப்புறம் புடவைத் தலைப்பால் அந்த ஒரு எழுத்தை மட்டும் துடைத்துப் பார்த்தார், ஏதோ தூசி ஒட்டியிருக்கிற மாதிரி.

கிரானைட்டில் ஒரு எழுத்தை மட்டும் திருத்த முடியாது. பூசி அடைத்தாலும் இரண்டு மழையில் காட்டிக்கொடுத்துவிடும், பலகையையே மாற்றினால்தான் உண்டு. அடுத்த வாரமே என் செலவில் புதுப் பலகை வெட்டிவிட்டேன். மாட்ட விடச் சொல்லி மூன்று தடவை போய் நின்றேன். அதில் திறந்து வைத்தவர்கள் பேர் எல்லாம் இருக்கிறதாம், தீர்மானம் போடாமல் கழற்றக் கூடாதாம். பலகை பட்டறைச் சுவரில் சாக்கு சுற்றிச் சாய்ந்து நிற்கிறது.

மணி அக்கா, ஊருக்கு வந்தால் ஒரு எட்டு பட்டறைக்கு வந்து படித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். நான் படித்துவிட்டேன். என் கண்ணை நான் நம்பத் தயாரில்லை.